பந்துக்கு முதுகு

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆம்பூர் கால்பந்து மைதானத்திலிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் சாயங்காலம் ஐந்தேகால் மணிக்குப் பட்டென்று நின்றுபோனது. ஆற்றோரக் குடிசை வரிசையில் சம்பூர்ணம் அப்போது களி கிண்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினால் கட்டி விழுந்துவிடும். துடுப்பைச் சுழற்றிக்கொண்டே காதை மட்டும் வெளியே கொடுத்தாள். ஆட்டம் முடிந்தால் ஜெயித்தவர்கள் கத்துவார்கள், தோற்றவர்கள் திட்டுவார்கள். இது இரண்டுமில்லாத அமைதியாக இருந்தது.

சற்று நேரத்தில் அவள் புருஷன் ராஜவேலு வந்தான். தெருப் பக்கமாக வரவில்லை. தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தண்ணீர் ஓடும் பின்சந்து வழியாக வந்து, தொட்டியோரம் உட்கார்ந்து கை கழுவினான். பத்து வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவன். அவன் விரல் இடுக்குகளில் தோல் எப்போதும் வெந்தே இருக்கும். தண்ணீர் பட்டால் எரியும். அதனால் அவன் கை கழுவுவதென்றால் தண்ணீரைத் தொட்டு எடுப்பதுதான். அன்றைக்குத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"இன்னாய்யா, மேட்ச் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"யாரு கெலிச்சாங்க?"

"யாரும் கெலிக்கல."

சட்டையில் குத்தியிருந்த பச்சைத் துணியைக் கழற்றிக் கூரைச் செருகலில் வைத்தான். அது கயிற்றுக்காரன் என்பதற்கான அடையாளம். மைதானத்தில் சுவரோ மேடையோ கிடையாது. நாலு பக்கமும் முளையடித்துக் கட்டிய தேங்காய் நார்க் கயிறுதான் எல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாணியம்பாடிக்காரர்களோடு நடந்த ஆட்டத்தில் ஜனம் உள்ளே புகுந்து கோல் கம்பத்தையே பிடுங்கிவிட்டது. அதற்குப் பிறகு கமிட்டி ஒரு ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு டீமும் தன் பக்கத்துக் கயிற்றுக்கு ஆறு ஆட்களைத் தரவேண்டும்; தன் ஆட்களைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும். டேனரி டீம் கொடுத்த ஆறு பேரில் முதல் பெயர் ராஜவேலு. கெட்ட வார்த்தை பேசாதவன், குடிக்காதவன், அதே சமயம் ஒரு ஆட்டத்தையும் விடாதவன் என்று எல்லாரும் சேர்ந்து சொன்ன பெயர்.

இருட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் ஓடிவந்தாள்.

"உனக்கு விசயம் தெரியுமா சம்பூர்ணம்? ரெப்ரிய கல்லால அடிச்சுட்டாங்களாம். நெத்தி பொளந்து கண்ணெல்லாம் ரத்தமாம். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் காருல போட்டுக்கினு போயிருக்காங்க. குடியாத்தத்துக்காரங்களுக்கும் நமக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு சமமா இருந்துச்சாம். கடைசி நிமிசத்துல நம்ம பசங்க கோல் போட்டாங்களாம். அந்த ரெப்ரி அது செல்லாதுன்னுட்டானாம்."

"எந்த ரெப்ரி?"

"அதான், வாணியம்பாடி இஸ்கூலு டிரில் மாஸ்டரு. நிசார் அஹமதுன்னு. நல்ல மனுசன்னு சொல்லுவாங்க." கெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வூட்டுக்காரு வேற அங்க நின்னு கத்திக்கினு இருந்துச்சாம். எனக்கு பேஜாரா இருக்குது."

கெங்கம்மாளின் புருஷன் தனகோடி டேனரியின் பட்டைக் கிடங்கில், தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை இடிக்கிறவன். ஆட்டம் பார்க்கப் போனால் ஆடுகிற இருபத்திரண்டு பேரையும்விட அதிகமாகக் களைத்துப்போய் வருவான். அவன் வாய் அப்படி.

ராஜவேலு அன்றைக்குக் களியைத் தட்டில் உருட்டிக்கொண்டேயிருந்தான். கருவாட்டுக் குழம்பு ஆறி மேலே ஆடை படிந்தது.

மறுநாள் காலை டேனரி கேட்டுக்கு ஜியாவுல்லா வந்தார். தோல் மண்டி வைத்திருப்பவர், கால்பந்துக் கமிட்டியின் செக்ரட்டரி. வேலைக்கு வந்த ஜனத்தை அப்படியே நிறுத்தி வைத்துப் பேசினார். அவருக்குச் சத்தம் போட்டுப் பேசும் பழக்கமில்லை. பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கித்தான் கேட்டார்கள்.

"கல்லு உங்க பக்கத்துக் கயித்துலேர்ந்துதான் வந்துச்சு. அத நானே பாத்தேன். கை யாருதுன்னுதான் பாக்கல. அடுத்த திங்கக்கெழமைக்குள்ள அந்த ஆளு என் மண்டிக்கு வரணும். வரலேன்னா மூணு வருஷத்துக்கு உங்க டீமு கெடயாது. இந்த டேனரியில வேலை செய்யற ஒருத்தனும் மைதானத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. இன்ஸ்பெக்டரு நேத்தே பத்துப் பேர அள்ளிக்கினு போறேன்னாரு. நான்தான் ஒரு வாரம் கேட்டு வாங்கியிருக்கேன். அப்பறம் அவரு பாடு, உங்க பாடு."

"மாஸ்டருக்கு எப்படி இருக்குது பாய்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இடது கண்ணு. தெரியுமா தெரியாதான்னு டாக்டரே இன்னும் சொல்லல."

மத்தியானத்துக்குள் டேனரி முழுக்க ஒரே பெயர் சுற்றியது. 'கல்லெடுத்து அடிங்கடா' என்று தனகோடி கத்தியதை ஐம்பது பேர் கேட்டிருந்தார்கள். கத்தியவன்தான் அடித்திருப்பான். தனகோடி கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றான், பெற்ற பிள்ளை மேல் கை வைக்கிறேன் என்றான். செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டைக் கிடங்குக்குப் பின்னால் டீம் பையன்கள் நாலு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். போய் ஒப்புக்கொள், எங்களால் மூணு வருஷம் சும்மா உட்கார முடியாது என்று நெருக்கினார்கள். அவன் மாட்டேன் என்றான். முன்பல் ஒன்று போயிற்று.

சம்பூர்ணத்துக்கும் கெங்கம்மாளுக்கும் ஒரே வேலை. உரித்துப் போட்ட ஆட்டு முடியைத் தொட்டியில் அலசி, சுண்ணாம்பு போகப் பிழிந்து, ஆற்று மணலில் காயப்போடுவது. விஷயம் அங்கே வந்தபோது கெங்கம்மாள் ஈர முடியைக் கையில் பிடித்தபடியே அழுதாள். "அந்த ஆளுக்கு வாய்தான் நீளம் சம்பூர்ணம். ஒரு ஓணானக்கூட அடிச்சதில்ல." சம்பூர்ணம் தொட்டியை விட்டு நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை அவள் கண்ணுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், மகள் சந்திராவைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"நீதானா?"

அவன் அடுப்பைப் பார்த்தான்.

"உன்னத்தான் கேக்கறேன். நீதானா அது?"

"ஆமா."

அவள் உட்கார்ந்தாள். அவனே பேசினான். "ரெண்டு கையிலயும் கயித்தப் புடிச்சிக்கினு நிக்கறேன். பின்னால நூறு பேரு என் முதுகு மேல சாயறானுங்க. கோலுன்னு நெனச்சு எல்லாம் குதிச்சானுங்க. மாஸ்டரு விசில் ஊதி கையத் தூக்கினாரு. கால்கிட்ட ஒரு கல்லு. குனிஞ்சது ஞாபகம் இருக்குது. அதுக்கப்பறம் அவரு மூஞ்சியப் பொத்திக்கினு உக்காந்ததுதான் தெரியும்."

"பச்சைத்துணி குத்திக்கினு!"

"ஆமா."

"தனகோடியப் போட்டு அடிச்சிருக்காங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா வந்து உக்காந்திருக்க?"

"திங்கக்கெழமை வரைக்கும் டைம் இருக்குது இல்ல சம்பூர்ணம். சொன்னா வேலை போயிடும். ஜெயிலுல போட்டுடுவாங்க. நீயும் சந்திராவும் இன்னா பண்ணுவீங்க? நானும் அதையேதான் யோசிக்கறேன்."

"நீ யோசிக்கிற வரைக்கும் அந்த ஆளுக்குப் பல்லு மிஞ்சணுமே."

வெளியே சந்திரா குடத்தோடு வந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை சம்பூர்ணம் மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினாள். அங்கே போய் என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை. மாஸ்டரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கண் போயிற்றா இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வழியில் பள்ளிகொண்டா தாண்டுகிறவரை அவ்வளவுதான் நினைப்பு.

ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டுக் கண் வார்டைக் கண்டுபிடித்தாள். வராந்தாவில், பர்தாவின் முகத்துணியைத் தலைக்கு மேல் ஒதுக்கிவிட்டு, ஒரு அம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் மனைவி ஜஹீருன்னிசா அவள்தான். வார்டுக்காரி அவளைச் சைகையால் காட்டிவிட்டுப் போனாள்.

"யாரு நீ?"

"ஆம்பூரும்மா. டேனரியில வேலை."

"பாக்க வந்தியா? இப்ப உள்ள போக முடியாது. கட்டு மாத்தறாங்க." ஜஹீருன்னிசா நகர்ந்து இடம் விட்டாள். அவளுக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது. "ஒம்போது தையல். மாமியார் மூணு நாளா, எறிஞ்சவன் கை அழுகிப் போகணும்னு அழுதுக்கிட்டே இருக்காங்க. இவரு இன்னாடான்னா வேற பேச்சே இல்ல. டாக்டர் வந்து கண்ணப் பாத்தா, நீங்க மேட்ச் பாத்தீங்களான்னு அவரைக் கேக்கறாரு. நான் குடுத்தது சரிதானே, அது ஆப்சைடுதானேன்னு. தப்பாக் குடுத்துட்டேனோன்னு ராவெல்லாம் பொலம்பறாரு."

"ஆப்சைடுன்னா இன்னாம்மா?"

"பதினாறு வருஷமா இவரு சொல்றாரு. எனக்கும் புரிஞ்சதில்ல."

இரண்டு பேருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை சம்பூர்ணத்தால் தாங்க முடியவில்லை.

"அம்மா, கல்ல எறிஞ்சது என் வூட்டுக்காரரு."

ஜஹீருன்னிசாவின் கையில் கரண்டி நின்றது. கஞ்சிப் பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எதுக்கு வந்தே? நான் மன்னிச்சு மாப்பு குடுக்கணும்னா?"

"இல்லம்மா."

"அப்பறம்?"

"அங்க வேற ஒரு ஆளப் போட்டு அடிக்கிறாங்க. நீங்களும் யாருன்னு தெரியாம வெறுங்காத்தத் திட்டிக்கினு இருக்கீங்க. பேரு ராஜவேலு. சுண்ணாம்புக் குழியில வேலை."

"அவரு அனுப்பினாரா உன்ன?"

"நான் வந்தது அவருக்குத் தெரியாது."

ஜஹீருன்னிசா முகத்துணியை இறக்கிவிட்டுக்கொண்டாள். "போ" என்றாள். கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் சம்பூர்ணம் விஷயத்தைச் சொன்னபோது ராஜவேலு கை ஓங்கினான். அடிக்கவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே தலையில் வைத்துக்கொண்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ திங்கக்கெழமைன்னு சொல்லுவ."

"பெரிய காரியம் பண்ணிட்டே."

"மாஸ்டரு படுத்துக்கினு, அது ஆப்சைடா இல்லியான்னு கேட்டுக்கினே இருக்காராம். நீ பக்கத்துலதான நின்ன. அது ஆப்சைடா?"

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். நேராக ஜியாவுல்லாவின் மண்டிக்கு நடந்தான். அன்றைக்கு வேலூரிலிருந்து செய்தி இன்னும் வந்திருக்கவில்லை. ஆகவே அவனாகவே வந்து ஒப்புக்கொண்டான் என்றுதான் கமிட்டியின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது.

விசாரணை சொன்னபடி திங்கட்கிழமை மண்டியில் நடந்தது. ஒரு பக்கம் உப்புப் போட்ட பச்சைத் தோல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. காலடியில் உப்பு நெறுநெறுத்தது. கமிட்டிக்காரர் நாலு பேர், இன்ஸ்பெக்டர், டேனரி டீமின் கேப்டன் சம்பத். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாஸ்டர், ஒரு கண்ணில் கட்டோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். சம்பூர்ணம் வாசலில் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"எதுக்கு எறிஞ்சே?" என்று ஜியாவுல்லா கேட்டார்.

"தெரியல பாய்."

"மாஸ்டர் மேல உனக்கு ஏதாவது பகையா?"

"அய்யோ, இல்ல பாய்."

மாஸ்டர் கையை லேசாக உயர்த்தினார். "நீ எந்த எடத்துல நின்னே?"

"கோலுக்கு இந்தாண்ட சார். பெனால்டி கோட்டுக்கு நேரா."

"அப்ப உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது சார்."

"சொல்லு."

ராஜவேலு சம்பத்தைப் பார்க்கவில்லை. "ஆப்சைடுதான் சார். பந்த உதைக்கறப்பவே நம்ம ஆளு அவங்க கடைசி ஆளுக்கு ரெண்டடி முன்னால நின்னான்."

மாஸ்டர் தலையை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார். எட்டு நாளாக அவர் விடாதிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது போலிருந்தது. சம்பத் எழுந்தான். கோல் செல்லும் என்றுதான் அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "துரோகி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

"சரியாக் குடுத்தாருன்னு தெரிஞ்சே எறிஞ்சியா?" என்றார் ஜியாவுல்லா.

"ஆமா பாய்."

இன்ஸ்பெக்டர் ஆறு மாசமாவது உள்ளே போடவேண்டும் என்றார். கமிட்டியில் ஒருவர் ஆயுசுக்கும் மைதானப் பக்கமே விடக்கூடாது என்றார். மாஸ்டர், கேஸ் வேண்டாம், எனக்குக் கோர்ட்டுப் படி ஏற முடியாது என்றார். ஜியாவுல்லா எல்லாரையும் பேசவிட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"ஜெயிலுக்குப் போனா வெளிய வந்து நான்தான் தண்டனை அனுபவிச்சுட்டேனேன்னுவான். மைதானத்துக்கு வராதேன்னா நாலு வாரத்துல மறந்துடுவான். வேணாம். வரட்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு மேட்ச் விடாம வரட்டும். கயித்துக்கு உள்பக்கம் நிக்கட்டும். ஆனா பந்துக்கு முதுகக் காட்டி, ஜனத்தப் பாத்து நிக்கணும். கல்லு, சோடா பாட்டிலு, எது எவன் கையில இருந்தாலும் இவன்தான் பொறுப்பு. ஒருதரம் தலை திரும்பிச்சுன்னா இன்ஸ்பெக்டர் சார் பாத்துக்குவாரு. டேனரி டீமுக்கு இந்த வருஷம் ஆட்டம் இல்ல."

ராஜவேலு முதன்முறையாக நிமிர்ந்தான். "பாய், ஆறு மாசம் உள்ளயே போட்டுடுங்க பாய். தலை தானா திரும்பிடும்."

"திரும்பாமப் பாத்துக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது தொடங்கியது. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும் பக்கத்தில் அவனை நிறுத்தினார்கள். முதுகுக்குப் பின்னால் பந்து உதைபடும் சத்தம், ஓடும் கால்களின் சத்தம், விசில். முன்னால் ஆயிரம் முகம். பொடிசுகள் "திரும்பு, திரும்பு" என்று கூவின. வேலை போகவில்லை; ஆனால் டேனரியில் மத்தியானம் அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. அவனும் சம்பூர்ணமும் முடி காயும் மணலோரம் தனியாக உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். கெங்கம்மாள் வேறு தொட்டிக்குப் போய்விட்டாள்.

தனகோடி வீட்டுக்கு ராஜவேலு போய் நின்றான். தனகோடி கதவைச் சாத்தவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்துக்குத் தவறாமல் வந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம், ராஜவேலுவின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தான். எல்லாம் பொய்.

"ஆகா, என்னமா தூக்கிட்டான்யா! ஆறு பேரக் கடந்துட்டான்! போடுறான்... போடுறான்... கோலு!" பின்னால் பந்து வெளியே போய்க் கிடக்கும். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ராஜவேலுவின் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். திரும்பமாட்டான்.

வீட்டுக்கு வந்தால் சம்பூர்ணம் கேட்பாள். "இன்னிக்கி யாரு கெலிச்சா?"

"குடியாத்தத்துக்காரங்கதான். அவங்க பக்கத்துல ஒரு பெரியவரு துண்டக் கடிச்சிக்கினே நின்னாரு. கடைசியில துண்ட வாயிலேர்ந்து எடுத்துட்டாரு."

நாள் போகப்போக அவனுக்கு முகங்களே ஆட்டமாயின. ஒருமுறை ஒருவன் லுங்கி மடிப்பிலிருந்து சோடா பாட்டிலை உருவினான். ராஜவேலு எதுவும் சொல்லாமல் அவன் எதிரே போய் நின்றான். அவன் இவனைப் பார்த்தான். கல்லெறிந்தவன் என்று ஊருக்கே தெரிந்த ஆள் ராஜவேலு. பாட்டிலை மண்ணில் வைத்துவிட்டான். இரண்டு வருஷத்தில் அப்படி ஏழெட்டு தடவை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்கூட உள்ளே விழவில்லை.

மாஸ்டர் திரும்ப வந்தார், விசில் இல்லாமல். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஆட்டம் நடத்த அது போதாது. கமிட்டி மேஜையருகே உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக் கேட்டுப் பார்ப்பார். ஒரு இடைவேளையில் ராஜவேலு நின்ற இடத்துக்கு வந்தார்.

"வெயில் கூசுதா?"

"கூசுது சார்."

"எனக்கும் கூசுது." கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ராஜவேலு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இரண்டாவது வருஷக் கடைசி ஆட்டம் கோப்பைக்கான இறுதி ஆட்டமாக அமைந்தது. டேனரி டீமுக்கும் குடியாத்தத்துக்கும். தனகோடி வழக்கமான இடத்தில் வந்து நின்றான். ஆரம்பத்தில் கொஞ்சம் பொய் சொன்னான். பிறகு பேச்சுக் குறைந்தது. பிறகு நின்றே போனது. வாய் திறந்தபடி, பல் போன சந்து தெரிய, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தான். ராஜவேலு அவன் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தில் பந்து இடப்பக்கம் போனது, தடுக்கப்பட்டது, திரும்பி வந்தது. பிறகு தனகோடியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஜனம் பொங்கியது. தனகோடி கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி ராஜவேலுவின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"கெலிச்சுட்டோம்டா! ரெண்டுக்கு ஒண்ணு! சத்தியமாடா, இது பொய் இல்லடா!"

"தெரியும்" என்றான் ராஜவேலு. திரும்பவில்லை. விசில் ஊதி, ஆட்கள் கலைந்து, ஜியாவுல்லா வந்து தோளைத் தொட்டு "போ" என்று சொன்னபிறகும் அவன் ஜனம் போன திசையைப் பார்த்தபடியே நின்றான்.

மூன்றாவது வருஷம் ஆட்டங்கள் தொடங்கிய முதல் ஞாயிறு, சம்பூர்ணம் அவனுக்குச் சட்டையை நீலம் போட்டுத் துவைத்து வைத்திருந்தாள். மற்றவர்களைப் போலக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கப் போனான். தனகோடியும் கூடவே போனான்.

சாயங்காலம் தனகோடிதான் முதலில் வந்தான். "அண்ணி, உன் வூட்டுக்காரன வச்சுக்கினு மேட்ச் பாக்க முடியாது. அங்க கோலு விழுது, ஜனமெல்லாம் அந்தாண்ட பாக்குது. இவன் எங்களத் திரும்பிப் பாத்துக்கினு நிக்கறான்."

ராஜவேலு வந்து தொட்டியோரம் உட்கார்ந்து கால் கழுவினான்.

"ரெண்டு வருஷமா ஏங்கினியே, பாத்தியா?" என்றாள் சம்பூர்ணம்.

"பாக்கலாம்னுதான் போனேன். பந்து மேல கண்ணு நிக்க மாட்டேங்குது. பின்னால எவன் கை கல்லெடுக்கக் கீழ போவுதோன்னே இருக்குது."

"அப்பறம் இன்னா பண்ணப் போற?"

"பாய்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து உள்பக்கமே நிக்கறேன்னு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"வெயிலு படாத பக்கமா நின்னுக்கன்னாரு."

சம்பூர்ணம் அவனுக்குத் தட்டு வைத்தாள். அவன் இரண்டாம் முறையும் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.